137 அங்குல டிராக்கில் ஸ்டட் போடுவது: எத்தனை, எங்கே, எவ்வளவு உயரம்?

#1 – பனிப்பாதை

வண்டி டிரெயில் ரக ஸ்னோமொபைல் (முன்னால் ஸ்கீ, பின்னால் டிராக் என்ற சுழலும் ரப்பர் பட்டை உள்ள பனி வண்டி), கூலன்ட் ஓடும் எஞ்சின். டிராக் 15 அங்குல அகலம், 137 அங்குல நீளம், 2.86 அங்குல பிட்ச் (ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு உள்ள தூரம்), லக் (வெளிப்பக்கம் நீட்டி நிற்கும் ரப்பர் மேடு) உயரம் 1.25 அங்குலம். ஸ்டட்டுக்கான (ஐஸைக் கடிக்கும் கூர்முனை ஆணி) துளை ஃபாக்டரியில் போட்டு வரவில்லை. ஓட்டம் பெரும்பாலும் சமப்படுத்திய பாதையில்தான். வளைவுகளில் பனி தேய்ந்து வெறும் ஐஸ் ஆகிவிடுகிறது, நடுவே உறைந்த ஏரிகளும் வரும். அங்கே பிரேக் பிடித்தால் டிராக் நின்றுவிடுகிறது, வண்டி நிற்பதில்லை.

கேள்விகள்: 96 போதுமா, 144 வேண்டுமா? டிராக்கின் மூன்று பெல்ட்டுகளில் நடு பெல்ட்டில் மட்டுமா, ஓர பெல்ட்டிலுமா? டனல் ப்ரொடெக்டர் (டிராக்குக்கு மேலே உள்ள உலோகக் கூடான டனலை ஸ்டட் முனையிலிருந்து காக்கும் பட்டை) இல்லாமல் சமாளிக்கலாமா? டிராக்கைக் கழற்றாமல் வேலை முடியுமா?

---

#2 – ரப்பர்கை

எத்தனை என்பது அப்புறம். முதல்ல இந்த டிராக் ஸ்டட் ஏற்குமான்னு பாருங்க.

டிராக்குல ஒற்றை அடுக்கு, இரட்டை அடுக்குன்னு ரெண்டு வகை இருக்கு. ரப்பருக்குள்ள ஓடுற நெசவு ஒரு அடுக்கா, ரெண்டு அடுக்காங்கிறதுதான் வித்தியாசம். ஸ்டட்டைப் பிடிச்சு நிறுத்துறது ரப்பர் இல்லை, அந்த நெசவு. ஒற்றை அடுக்குல துளை போட்டா மிச்சம் இருக்கிற இழை கொஞ்சம்தான். பிரேக் பிடிக்கிறப்ப ஸ்டட் சாயும், துளை நீளவாட்டுல விரியும், ஒருநாள் பிளேட்டோட (ஸ்டட்டை வெளிப்பக்கம் தாங்குற தகடு) பிய்ச்சுக்கிட்டுப் போயிடும். எடை குறைக்கணும்னு இப்ப வர்ற பல வண்டிகள்ல ஒற்றை அடுக்குதான் வருது. லக் உயரம் 1.25-ன்னு இருக்கிறதால மட்டும் ஸ்டட் போடலாம்னு முடிவு பண்ணாதீங்க.

ஸ்கி-டூ வண்டின்னா டிராக் மேலேயே அடையாளம் அச்சாகியிருக்கும். ஸ்டட் படம் மட்டும் இருந்தா போடலாம், படத்து மேல பெருக்கல் குறி இருந்தா போடக்கூடாது. அனுமதிச்ச டிராக்குலயும் வார்ப்புல இடம் விட்டிருக்கிற எண்ணிக்கைக்கு மேலயோ கீழயோ போகாதேன்னு அவங்க கையேடு சொல்லுது. மத்த கம்பெனி வண்டிக்கு ஓனர் மேனுவல்ல 'டிராக்‌ஷன்' பகுதியைப் படிங்க. அதிகபட்ச உயரம், ப்ரொடெக்டர் வேணுமா, வாரன்டி என்ன ஆகும், மூணும் அங்கேதான் இருக்கும். ஸ்டட்டால வர்ற சேதம் வாரன்டியில சேராதுன்னு பெரும்பாலும் எழுதியிருப்பாங்க.

---

#3 – பனிப்பாதை

இரட்டை அடுக்குதான், மேனுவலிலும் அனுமதி இருக்கிறது. ப்ரொடெக்டர் கட்டாயம் என்று போட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

---

#4 – கோடுகிழிச்சான்

அப்படியானால் எண்ணிக்கைக்கு வருவோம். 137 ஐ 2.86 ஆல் வகுத்தால் 48 பிட்ச். பிட்ச்சுக்கு 2 என்றால் 96, 3 என்றால் 144. கடைகளில் இந்த எண்களில் பெட்டி விற்பது ராசி பார்த்து அல்ல, இந்தக் கணக்கில்தான். இடைப்பட்ட எண்ணும் முடியும்: நான்கு பிட்ச்சுக்கு 2-3-2-2 என்று போனால் 9, பன்னிரண்டு முறை திரும்பினால் 108. 2-3-2-3 என்றால் 120.

129 அங்குல டிராக்குக்கு இதையே கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடாது. அது இதே பிட்ச்சில் 45 வரிசை. நான்கால் வகுபடாது. கடைசியில் ஒரு வரிசை மிஞ்சி, பேட்டர்ன் சேரும் இடத்தில் இரண்டு ஸ்டட் ஒரே கோட்டில் அடுத்தடுத்து வந்து உட்காரும். அதற்கு மூன்று பிட்ச் சுற்று எடுக்க வேண்டும்: 2-2-3, பதினைந்து முறை, மொத்தம் 105.

உங்கள் பயன்பாட்டுக்கு நடு பெல்ட்டில் 96 இல் ஆரம்பியுங்கள். குதிரைத்திறனுக்கு ஒன்று என்று ஒரு பழைய கணக்கு சொல்வார்கள். முடுக்கத்தை மட்டும் நினைத்தால் அது சரி. பிரேக்குக்கும் வளைவுக்கும் எண்ணிக்கையைவிட கோடுகள் முக்கியம்.

கோடு என்றால், ஓடும்போது ஒவ்வொரு ஸ்டட்டும் ஐஸில் ஒரு கீறல் இழுக்கிறது. பின்னால் வரும் ஸ்டட் அதே கீறலில் விழுந்தால் ஏற்கெனவே உடைந்த ஐஸைத்தான் பிடிக்கும், அதாவது பிடிக்காது. 96 ஸ்டட்டை இரண்டே கோட்டில் வைத்தால் நாற்பத்தெட்டு நாற்பத்தெட்டாக இரண்டு பள்ளம் வெட்டிக்கொண்டு போகும். அதே 96 ஐ நடு பெல்ட்டின் அகலத்தில் எட்டுக் கோடாகப் பரப்பினால் ஒவ்வொன்றும் புது ஐஸைக் கடிக்கும். இடமும் வலமும் ஒரே அளவு வர வேண்டும், இல்லாவிட்டால் பிரேக்கில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

---

#5 – ஐட்லர்

எண்ணிக்கையைவிட உயரத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள்.

பொது விதி: ஸ்டட் முனை லக் தலைக்கு மேலே கால் அங்குலத்துக்குக் குறையக்கூடாது, 3/8 அங்குலத்தை (சுமார் 9.5 மி.மீ.) தாண்டக்கூடாது. குறைந்தால் லக் முழு எடையையும் தாங்கிக்கொள்ளும், முனை ஐஸைத் தொட்டும் தொடாமலும் போகும். கூடினால் நெம்புகோல் நீளம் கூடுகிறது. முனையில் விழும் அதே விசை அடியில் பிளேட்டை இன்னும் பலமாகப் பெயர்க்கும். வளைந்த ஸ்டட்களையும் கிழிந்த துளைகளையும் பார்த்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் நீளம் முனையின் உயரம் அல்ல. எங்கிருந்து எங்கே அளந்தார்கள் என்பது ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் மாறும். பெல்ட்டின் தடிமன் வேறு அதில் கழியும். எனவே லக் உயரத்துக்கு அவர்கள் கொடுத்திருக்கும் அட்டவணையைப் பார்த்து வாங்குங்கள். வாங்கிய பிறகு ஒரே ஒரு ஸ்டட்டை மாட்டி, முழுதாக முறுக்கி, லக் மேல் ஒரு நேர்விளிம்பு வைத்து முனை எவ்வளவு நீட்டுகிறது என்று அளந்துவிட்டு மற்ற 95 ஐத் தொடுங்கள்.

பழைய டிராக் என்றால் இன்னொரு கணக்கு. 1.25 என்று விற்ற லக் தேய்ந்து 1 அங்குலத்துக்கு வந்திருந்தால், 1.25 க்கான ஸ்டட் 5/8 அங்குலம் நீட்டும். காகிதத்தில் இருக்கும் உயரத்தை விடுங்கள், டிராக்கில் இருப்பதை அளவுகோலால் அளவெடுங்கள்.

அடுத்தது டனல். இந்த வகை வண்டிகளில் கூலன்ட் ஓடும் கூலர் டனலின் உள்கூரையிலும், டிரைவ் ஸ்ப்ராக்கெட்டுக்கு (டிராக்கைச் சுழற்றும் பல்சக்கரம்) எதிரே முன்சுவரிலும் இருக்கும். மெல்லிய அலுமினியம். முனை ஒருமுறை உரசினால் கோடு, பலமுறை உரசினால் ஓட்டை. கூலன்ட் கசிந்து எஞ்சின் சூடாகி நடுக்காட்டில் நிற்பது அப்படித்தான். ப்ரொடெக்டரில் இரண்டு வகை உண்டு: ஸ்டட் கோட்டுக்கு நேராக நின்று அடியைத் தான் வாங்கிக்கொள்ளும் தேய்மானப் பட்டை ஒன்று. ஸ்டட் கோடுகளுக்கு இடையே நின்று லக்கைத் தாங்கி, முனையை மேலே போகவிடாமல் வைக்கும் உயரமான பட்டை இன்னொன்று. இரண்டாவது வகையில் ஸ்டட் கோடு பட்டையின் மேல் வந்துவிட்டால் பாதுகாப்பே சேதமாகிவிடும். அதனால் ப்ரொடெக்டரின் தாளை முதலில் படித்துவிட்டு அதற்கேற்பக் கோடுகளை முடிவு செய்யுங்கள். பலர் ஸ்டட்டைப் போட்டுவிட்டுத்தான் பட்டைக்கு இடம் தேடுகிறார்கள்.

---

#6 – நட்டுபோல்ட்டு

இடைவெளி சோதிக்க எளிய வழி ஒண்ணு. குழந்தைங்க விளையாடுற களிமண்ணை விரல் தடிமனுக்கு உருட்டி முன் கூலர்லயும் கூரையிலயும் அஞ்சாறு இடத்துல ஒட்டுங்க. வண்டியோட பின்பக்கத்தைத் தூக்கி டிராக்கைக் கையால ஒரு முழுச் சுற்று சுத்துங்க. அச்சு விழுந்திருக்கா, எவ்வளவு ஆழம், மிச்சம் எவ்வளவு தடிமன்னு அளந்திடலாம். எஞ்சினைப் போட்டுச் சுத்தாதீங்க, கையால மட்டும்.

சஸ்பென்ஷன் முழுசா அமுங்கினப்பவும் பாக்கணும். நின்ன நிலையில தாராளமா இருக்கிற இடைவெளி, பள்ளத்துல விழுந்து பின்பக்கம் உட்கார்றப்ப காணாம போயிடும். பட்டா போட்டு அமுக்கி வச்சு இன்னொரு சுற்று சுத்துங்க.

---

#7 – குளிர்க்கை

நடு பெல்ட் மட்டும் போதும் என்பதை நான் ஏற்கவில்லை. நேராகப் போக, நிற்க நடு பெல்ட் போதும். வளைவில் பின்பக்கம் வெளியே ஓடுவதைத் தடுக்க ஓரத்தில் ஸ்டட் வேண்டும். 144 போடுபவர்கள் ஒவ்வொரு ஓரத்திலும் 24 வைப்பது அதற்குத்தான்.

---

#8 – கோடுகிழிச்சான்

கணக்கு சரி, 96-உம் 48-உம் 144. ஆனால் விலை என்ன என்று பாருங்கள்.

ஓர பெல்ட் குறுகலானது. ஒரு பக்கம் ஜன்னல் (பெல்ட்டுகளுக்கு இடையே உள்ள திறப்பு), மறுபக்கம் வெறும் விளிம்பு. வளைவில் அதிகமாக நெளிவதும் முறுக்கு வாங்குவதும் அதுதான். பாறையோ, தண்டவாளமோ, வேரோ முதலில் தொடுவதும் அதைத்தான். ஸ்டட் பிய்ந்துபோன டிராக்குகளில் கிழிசல் ஓரத்தில் அதிகம் இருப்பது இதனால். நடுவில் ஒரு துளை கிழிந்தால் அந்த இடம் வீண். ஓரத்தில் கிழிந்தால் விளிம்பு வரை ஓடும், டிராக்கே போய்விடும்.

இன்னொன்று: ஓரத்து ஸ்டட் வண்டியைத் திருப்பவிடாமல் பிடிக்கும். பின்பக்கம் அத்தனை ஒட்டிக்கொண்டால் ஸ்கீ தள்ளிக்கொண்டு நேராகப் போகும். பின்பக்கம் ஓடுவதற்கு மருந்து பெரும்பாலும் ஸ்டட்டை ஓரத்துக்கு நகர்த்துவது அல்ல, நடுவில் சரியாகப் போட்டு ஸ்கீயில் கார்பைடை (ஸ்கீயின் அடியில் ஐஸைக் கடிக்கும் கடின உலோக விளிம்பு) அதற்கு ஈடாக வைப்பது.

பூரண ஐஸில் பந்தயம் விடுகிறவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது. அவர்கள் டிராக்கை முழுக்க நிரப்புவார்கள், உயரமும் வேறு, டிராக்கின் ஆயுளை எதிர்பார்ப்பதும் இல்லை.

---

#9 – குளிர்க்கை

கிழிசல் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஓரத்தில் போட்டே தீருவேன் என்பவருக்கு இரட்டை பிளேட் (இரண்டு ஸ்டட்டுக்கு ஒரே பிளேட்) தவிர்க்க முடியாதது, ஆனால் ஓர பெல்ட்டின் அகலத்தில் அது அடங்குமா என்று முதலில் அளக்க வேண்டும். வளைவு பற்றிய கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

---

#10 – பனிப்பாதை

நடுவில் 96 என்று முடிவு செய்துவிட்டேன். துளை போடும் வேலையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா? டிராக் வண்டியிலேயே இருக்கட்டும் என்பது எண்ணம்.

---

#11 – நட்டுபோல்ட்டு

முடியும். கழற்றிப் போட்டா வசதி, மாட்டியே போட்டா கவனம் வேணும், அவ்வளவுதான்.

வேணும்கிற சாமான்: 96 ஸ்டட், 96 பிளேட் (இல்லை ஜோடி பிளேட்னா 48), 96 லாக் நட், எல்லாத்துலயும் கூட நாலஞ்சு உதிரி. டிராக்குக்குன்னே வர்ற குழல் மாதிரி துளைக்கிற பிட். பிட்ச்சுக்குப் பொருந்துற டெம்ப்ளேட். வெள்ளை பெயின்ட் பேனா. ஸ்டட் தலையைப் பிடிக்கிற சாவி. சோப்புத் தண்ணி. மரக்கட்டை ஒண்ணு.

ஸ்டட்டோட மரை 5/16 அங்குலத்துலயும் வருது, 7 மி.மீ.-லயும் வருது. கையில பார்த்தா ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும். ஒண்ணோட நட்டு இன்னொண்ணுக்குச் சேராது. ஸ்டட், நட்டு, பிளேட் மூணையும் ஒரே தொகுப்பா வாங்குங்க.

சாதாரண முறுக்கு பிட் வேண்டாம். அது ரப்பரை வெட்டாது, பிடிச்சு இழுக்கும். நெசவு இழை பிசிறு பிசிறா வெளிய வரும், துளையும் வட்டமா இருக்காது. குழல் பிட் வட்டமா வெட்டி உள்ள இருக்கிற ரப்பர் துண்டை எடுத்திடும். அந்தத் துண்டு குழலுக்குள்ள அடைச்சுக்கும், அஞ்சாறு துளைக்கு ஒருதடவை குத்தி வெளிய தள்ளுங்க. அடைச்சபடியே ஓட்டினா சூடாகி ரப்பர் எரிஞ்ச வாடை வரும், விளிம்பு பிசுபிசுக்கும். பிட்டை அப்பப்ப சோப்புத் தண்ணியில முக்குங்க. எண்ணெய், கிரீஸ் வேண்டாம், ரப்பருக்கு ஆகாது. துளை ஸ்டட் தண்டைவிடச் சின்னதா இருக்கணும். எந்த அளவு பிட்னு ஸ்டட் பெட்டியிலேயே போட்டிருப்பான்.

வேலை வரிசை:

1. வண்டியைச் சூடான இடத்துக்குக் கொண்டு வந்து ரப்பர் இளகுற வரை விடுங்க. விறைச்ச ரப்பர்ல துளையும் சரியா வராது, ஸ்டட்டும் சரியா உட்காராது. பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்திட்டு டிராக்கைத் தளர்த்துங்க.

2. குறுக்குக் கம்பி எங்க ஓடுதுன்னு கண்டுபிடிங்க. டிராக்கோட அகலத்துக்கு ஃபைபர்கிளாஸ் கம்பி பிட்ச்சுக்கு ஒண்ணு போகும். ஜன்னல் ஓரத்துல பார்த்தா அந்த இடத்துல பெல்ட் தடிச்சிருக்கும். அதுல துளை பட்டா கம்பி முறியும், அந்த இடத்துல டிராக் மடங்க ஆரம்பிக்கும். எந்தத் துளையும் கம்பி மேல வரக்கூடாது.

3. உள்பக்கம் எதெல்லாம் ஓடுதுன்னு சாக்பீஸால குறிங்க: டிரைவ் லக் (ஸ்ப்ராக்கெட் பிடிக்கிற உள்பக்க ரப்பர் மேடு) வரிசை, ரெண்டு ஸ்லைடர் (டிராக் வழுக்கி ஓடுற பிளாஸ்டிக் பட்டை), ஐட்லர் சக்கரங்கள் (டிராக்கைத் தாங்கி உருள்ற சக்கரங்கள்). ஸ்டட்டோட தட்டையான தலை உள்பக்கம்தான் இருக்கும். அது சக்கரம் ஓடுற பாதையில வந்தா சக்கர ரப்பரை மாவாக்கிடும்.

4. டெம்ப்ளேட்டை வச்சுக் குறிங்க. முழுச் சுற்றும் 48 வரிசையும் குறிச்சு முடிச்சு, ஆரம்பமும் முடிவும் சேர்ற இடத்தைச் சரிபார்த்துட்டுத்தான் டிரில்லை எடுக்கணும். பாதியில தப்பு கண்டுபிடிச்சா துளையை மூட வழியில்லை.

5. வெளிப்பக்கத்துல இருந்து துளை போடுங்க. உள்ள மரக்கட்டையை வச்சுக்கங்க. பிட் துளைச்சு வெளியேறினதும் ஸ்லைடர்லயோ ரெயில்லயோ பாயாம அது தடுக்கும். மேல் ஓட்டத்துல போடவே போடாதீங்க, அடுத்து இருக்கிறது கூலர். பின்னால வளையுற இடம், இல்லை அடி ஓட்டம்தான் வசதி. டிரில் செங்குத்தா இருக்கணும். சாய்ஞ்ச துளையில ஸ்டட்டும் சாய்ஞ்சுதான் நிக்கும்.

6. ஸ்டட்டை சோப்புத் தண்ணியில நனைச்சு உள்ள இருந்து தள்ளுங்க. வெளிய பிளேட்டை மாட்டுங்க. எந்தப் பக்கம் ரப்பரைப் பார்த்து இருக்கணும்னு தயாரிப்பாளர் படத்துல பாருங்க. அப்புறம் நட்டு.

7. முறுக்குங்க. இதுதான் வேலையோட உயிர்நாடி, தனியா எழுதுறேன்.

---

#12 – நட்டுபோல்ட்டு

முறுக்கு பத்தி. பெட்டியில டார்க் அளவு (முறுக்கு விசை) போட்டிருந்தா அதுதான் விதி. அதோட கண்ணாலயும் பாருங்க. சரியா முறுக்கினா உள்பக்கம் ஸ்டட் தலை பெல்ட் மட்டத்துக்குச் சமமா இறங்கி நிக்கும், சுத்தி ரப்பர்ல மெல்லிசா ஒரு பள்ளம் விழும். தலை மேல துருத்திக்கிட்டு இருந்தா போதாது. துளைக்குள்ள தண்டு ஆடும், ஆடுற தண்டு துளையை அறுக்கும். தலை ஆழமா முங்கிப்போய், பிளேட்டைச் சுத்தி ரப்பர் உப்பி வெளிய பிதுங்கினா அதிகமாயிடுச்சு. நெசவு அங்கேயே அறுபட்டிருக்கும், வெளிய தெரியாது.

இம்பாக்ட் டிரைவர் பத்திக் கேப்பாங்க. மெதுவான வேகத்துல நட்டை இறக்க வச்சுக்கலாம், கடைசி முறுக்கு கையால. முழு வேகத்துல ஓட்டினா லாக் நட்டுல இருக்கிற நைலான் வளையம் உருகிடும், அப்புறம் அது லாக் நட்டே இல்லை. கழற்றின லாக் நட்டைத் திருப்பிப் போடுறதும் அதே கதைதான்.

---

#13 – ரப்பர்கை

பிளேட் பத்தி ஒண்ணு சேர்க்கிறேன். லக் ஓரத்துல உட்கார்ற சாய்வு பிளேட்டுக்குத் திசை உண்டு, அதைத் தயாரிப்பாளர் படத்தைப் பார்த்துதான் போடணும்.

ஜோடி பிளேட் டிராக்கோட குறுக்குவாட்டுலதான் போகணும். நீளவாட்டுல ரெண்டு பிட்ச்சைச் சேர்த்து மாட்டினா டிராக் ஸ்ப்ராக்கெட்டைச் சுத்தி வளையுற ஒவ்வொரு தடவையும் பிளேட் வளையாம பெல்ட்டைக் கிழிக்கப் பாக்கும்.

---

#14 – பனிப்பாதை

ஸ்கீ கார்பைடு எத்தனை அங்குலம் வேண்டும்? இப்போது இருப்பது வண்டியோடு வந்த வெறும் எஃகுக் கம்பி.

---

#15 – ஐட்லர்

அதோடு 96 ஸ்டட் போட்டு ஓட்டாதீர்கள். பின்பக்கம் தள்ளும் விசை கூடிவிட்டது, முன்பக்கம் திருப்பும் பிடி அப்படியே இருக்கிறது. ஐஸ் வளைவில் கைப்பிடியைத் திருப்புவீர்கள், வண்டி நேராகப் போகும். மாறாக, கார்பைடு அதிகம் ஸ்டட் குறைவு என்றால் முன்பக்கம் கவ்வும், பின்பக்கம் சுற்றிக்கொண்டு வரும்.

நடைமுறையில் 96 க்கு ஒரு ஸ்கீயில் 6 அங்குலக் கார்பைடில் ஆரம்பிக்கலாம், 144 க்கு 8. அங்கிருந்து ஓட்டிப் பார்த்து ஏற்றி இறக்குங்கள். கோணமும் உண்டு: 60 டிகிரி கூர்மை, ஐஸை நன்றாகக் கடிக்கும், சீக்கிரம் தேயும். 90 டிகிரி மழுங்கல், சாலை கடக்கும் பாதைகளில் நீடிக்கும். இரண்டு ஸ்கீயிலும் ஒரே நீளம், ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றுவது வேண்டாம்.

---

#16 – மூன்றாம்லக்

இவ்வளவு வேலை எதற்கு? டிராக் தயாரிக்கும் காம்சோவின் ஐஸ் அட்டாக், ஐஸ் கோப்ரா போல முனை வைத்தே வார்த்த டிராக்கை வாங்கி மாட்டினால் முடிந்தது. துளை இல்லை, பிளேட் இல்லை, எடையும் குறைவு. முனை லக் தலையிலேயே சின்னதாக இருப்பதால் டனலிலும் பெரிய சிக்கல் இல்லை.

---

#17 – ரப்பர்கை

டிராக் எப்படியும் மாத்தற நிலைமையில இருந்தா நல்ல யோசனை. மாத்தத் தேவையில்லாத டிராக்கைக் கழற்றிட்டு அதுக்காக வாங்கறதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

இன்னொண்ணு, ரெண்டோட பிடியும் ஒண்ணில்லை. லக் தலையில இருக்கிற முனை, லக் நெளியறப்ப கூடவே நெளியும். பிளேட்டோட பெல்ட்டுல நிக்கிற ஸ்டட் நெளியாது. சமப்படுத்தின பாதையில அங்கங்க ஐஸ்னா வார்த்த முனை போதும். இவர் சொல்ற மாதிரி ஏரி ஐஸ்ல பிரேக் பிடிக்கணும்னா நடு பெல்ட் ஸ்டட்தான். முனை தேஞ்சா வார்த்ததுல ஒவ்வொண்ணா மாத்தறதும் சுலபமில்லை. ஸ்டட்னா நட்டைக் கழற்றி புதுசு.

---

#18 – பனிப்பாதை

துளை, பிளேட், முறுக்கு எல்லாம் தெளிவு. போட்ட பிறகு கவனிக்க வேண்டியது?

---

#19 – ஐட்லர்

முதலில் டிராக்கின் இறுக்கம். ஸ்டட், பிளேட், நட் என்று எடை ஏறியிருக்கிறது. வேகமாகச் சுழலும்போது அந்த எடை டிராக்கை வெளிநோக்கித் தள்ளும், மேல் ஓட்டம் உப்பி கூரையை நோக்கிப் போகும். களிமண் சோதனையில் தெரியாத தொடுதல் இது. மேனுவலில் சொன்ன எடையைத் தொங்கவிட்டுத் தொய்வை அளந்து, அனுமதித்த அளவில் இறுக்கமான பக்கத்தில் வையுங்கள். அதற்கும் மேல் இறுக்கினால் பேரிங்கும் ஸ்லைடரும் அவதிப்படும். கூடவே டிராக் நடுவில் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஒரு பக்கம் ஒதுங்கினால் ஸ்டட் கோடுகளும் ஒதுங்கி, ப்ரொடெக்டர் போட்ட கணக்கு தப்பும்.

சில வண்டிகளில் 8 பல் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பதில் 7 பல் போட்டு முன்னால் இடைவெளி கூட்டுகிறார்கள். கியர் விகிதம் மாறும், இறுக்கமும் மாறும். 3/8 அங்குலத்துக்குள் ஸ்டட் வைத்தால் உங்களுக்கு அது தேவைப்படாது.

முதல் ஓட்டம் முடிந்ததும் 96 நட்டையும் மறுபடி முறுக்கிப் பாருங்கள். ரப்பர் அமுங்கி உட்கார்ந்திருக்கும், பல நட்டு கொஞ்சம் வாங்கும். பிறகு ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் ஒரு பார்வை போதும்: சாய்ந்தது, வளைந்தது, பிளேட் சுழல்வது. வளைந்த ஸ்டட்டை நிமிர்த்தாதீர்கள், மாற்றுங்கள்.

ஏரியில் இன்னொரு விஷயம். ஸ்டட் நன்றாகப் பிடிக்கும் அதே வெறும் ஐஸில் டிராக் பனியை வாரித் தெறிக்காது. கூலருக்கும் ஸ்லைடருக்கும் குளிர்ச்சி தருவது அந்தப் பனிதான். எஞ்சின் சூடு ஏறும், ஸ்லைடர் பிளாஸ்டிக் உருகி டிராக்கின் உலோகக் கிளிப்பில் ஒட்டும். ஐஸைக் கீறி தூளை உள்ளே அனுப்பும் ஸ்க்ராட்சர் கம்பிகளையும் சேர்த்தே மாட்டுங்கள்.

---

#20 – நட்டுபோல்ட்டு

கிழிஞ்ச துளைக்கு: லேசா நீண்டிருந்தா பெரிய தலை ஸ்டட்டும் பெரிய பிளேட்டும் போட்டுக் காப்பாத்தலாம், பக்கத்துத் துளையோட ஜோடி பிளேட்டும் போடலாம். நெசவு இழை வெளிய தொங்கினா அந்த இடத்தை விட்டுடுங்க, அரை அங்குலம் தள்ளிப் புதுத் துளையும் போடாதீங்க. ரெண்டு துளையும் சேர்ந்து ஒரே கிழிசலாகும். அங்கங்க ஒண்ணு ரெண்டு இல்லாம ஓட்டலாம். அடுத்தடுத்து மூணு நாலு போயிருந்தா காரணத்தைத் தேடுங்க. பெரும்பாலும் முறுக்கு, இல்லைன்னா உயரம்.

ஆளைக் கொல்லக்கூடிய தப்பு ஒண்ணு இருக்கு. பின்பக்கத்தைத் தூக்கி வச்சு எஞ்சினைப் போட்டு டிராக்கைச் சுத்துறது. பனி ஒட்டினதை உதறணும்னு நிறைய பேர் செய்யறாங்க. தளர்ந்த ஸ்டட் ஒண்ணு கழண்டா தோட்டா மாதிரி பின்னால பாயும். ஸ்டட் போட்ட வண்டியைத் தூக்கி வச்சு எஞ்சினால சுத்தவே கூடாது. பின்னாடி தொங்குற ரப்பர் மறைப்பு கிழியாம இருக்கணும், வெட்டிச் சின்னதாக்கக் கூடாது.

---

#21 – கோடுகிழிச்சான்

டிரெய்லர் பலகைக்கும் கராஜ் தரைக்கும் ரப்பர் பாய் விரியுங்கள். ஏற்றும்போது த்ராட்டிலை அழுத்தினால் பலகை தூள் தூளாகும். தார் சாலை கடக்கும் இடத்தில் மெதுவாக, நேராக, டிராக் சுழலாமல் கடக்க வேண்டும். தாரில் சுழற்றினால் கார்பைடு முனை சில்லு சில்லாகப் போகும்.

எங்கே ஓட்டுகிறோமோ அந்த ஊர் விதியும் பாருங்கள். உதாரணமாக, மினசோட்டாவில் தார் போட்ட பொதுப் பாதைகளில் உலோக ஸ்டட் வைத்த ஸ்னோமொபைலுக்குத் தடை உண்டு, உள்ளாட்சி தனியாக அனுமதித்தால் ஒழிய.

---

#22 – பனிப்பாதை

கடைசியாக ஒன்று. குறித்துப் பார்த்தபோது நான்கு பிட்ச் சுற்றில் இரண்டு புள்ளிகள் டிரைவ் லக்குக்கு மிக அருகில் விழுகின்றன. பிளேட் வெளியேதானே, பரவாயில்லையா?

---

#23 – கோடுகிழிச்சான்

பிளேட் வெளியே, ஸ்டட் தலை உள்ளே. அந்தத் தலை டிரைவ் லக்கின் அடி வளைவில் ஏறி உட்கார்ந்தால் சமமாக இறங்காது, ஒரு விளிம்பு தூக்கி நிற்கும். ஸ்ப்ராக்கெட் பல்லும் அதை உரசும். ஒரு ஸ்டட் தலையைப் புள்ளியின் மேல் வைத்து, முழு வட்டமும் சமதளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த இரண்டு கோட்டையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நகர்த்துங்கள். ஒன்றை இடமும் ஒன்றை வலமும், ஒரே அளவு. நகர்த்திய பின் பக்கத்துக் கோட்டோடு ஒன்றாகிவிடவில்லை என்பதையும், ப்ரொடெக்டர் பட்டைக்கு நேராகப் போய்விடவில்லை என்பதையும் மறுபடி பாருங்கள்.